உதட்டின் நிறம்

ஓஸ்வால்ட் அனுப்பிய உறை மதியத் தபாலில் ஸ்டுடியோவுக்கு வந்தது. உள்ளே, இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு கலர் ஸ்லைட். அட்டைச் சட்டத்துக்குள் ஒரு ஃபிலிம் துண்டு, தீப்பெட்டி அளவுகூட இல்லை. சிரில் அதன் சட்டத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பார்த்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எடுத்த படம் அது. பெங்களூர் காக்ஸ் டவுனில் சிரிலின் வீட்டு முன்வாசலில், காகிதப்பூக் கொடிக்கு முன்னால் இரண்டு சிறுமிகள். ஒருத்தி சிரிலின் மகள் ஐவி. மற்றவள் ஓஸ்வால்டின் மகள் டோரீன். ஏறக்குறைய ஒரே வயது. ஒரே துணியில் தைத்த மஞ்சள் கவுன். ஓஸ்வால்ட், சிரிலின் மனைவி யூனிஸுக்கு அண்ணன். கப்பலில் ரேடியோ ஆப்பரேட்டர். லீவில் வந்தவன் கலர் ஃபிலிம் போட்ட கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தான். "இனிமே உன் கறுப்பு வெள்ளையை மூட்டை கட்டி வச்சிரு மாப்ளே. உலகத்துல நிறம்னு ஒண்ணு இருக்கு" என்று சிரிலைச் சீண்டிக்கொண்டே இருந்தான். கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் ஃபிலிமை அங்கேயே கழுவி, இதை மட்டும் அனுப்பியிருக்கிறான்.

காகிதப்பூவின் சிவப்பு அப்படியே கண்ணில் அடித்தது. கவுனின் மஞ்சளைத் தொட்டால் கையில் ஒட்டும் போலிருந்தது. சிரில் தன்னையறியாமல் சிரித்தான். பிறகு பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்து முகங்களைப் பார்த்தான்.

டோரீனின் உதடு பழுத்த கொய்யாவின் உள்சதை மாதிரி இருந்தது. ஐவியின் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

அவன் லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நிறம் மாறவில்லை. ஜன்னல் பக்கம் நின்றிருந்தவன் மெல்ல நகர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அந்த நிறம் அவனுக்குப் புதிது இல்லை. சிவாஜிநகரில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாணம், பாஸ்போர்ட் மட்டும் போதாது. சாவு வீட்டிலிருந்தும் ஆள் வரும். பெட்டியை மூடுவதற்கு முன்னால், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க ஒரு படம் எடுக்க வேண்டும். அந்த முகங்களைக் கேமராவுக்குள் தலைகீழாகப் பார்க்கும்போது உதட்டில் இந்த நிறத்தைத்தான் பார்த்திருக்கிறான். பிரிண்ட் போட்டதும் அது சாம்பல் நிறமாகிவிடும். தூங்குகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டார் அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். இந்தத் தொழிலில் நிறம் இல்லாமல் இருப்பதற்காக அவன் பல தடவை ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறான்.

இப்போது அதே நிறம் உயிரோடு, சிரித்துக்கொண்டு, அவன் மகள் முகத்தில் இருந்தது.

தினமும் பார்க்கிற முகம்தானே, எப்படித் தெரியாமல் போனது? ஐவி பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கறுத்த உதட்டுக்காரி. நாளுக்கு ஒரு நூல் அளவு ஏறுகிற நிறம் கூடவே இருக்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை. டோரீன் பக்கத்தில், ஒரே வெயிலில், அசையாமல் நிறுத்திவைத்துக் காட்டியபோதுதான் பட்டது.

கலர் ஃபிலிம் கோளாறாக இருக்கும் என்று சிரில் வாய்விட்டுச் சொன்னான். சொல்லக் காரணமும் இருந்தது. வாசல் படியின் நிழல் லேசாக நீலம் ஓடியிருந்தது. கப்பல் சூட்டில் ஃபிலிம் கெட்டிருக்கலாம். கழுவும் இடத்தில் மருந்து சரியில்லாமல் இருக்கலாம். அன்று காலைக் குளிரும் கடுமை. அப்புறம் அந்த ஊதாப் பென்சில் வேறு. எழுதும்போது அதன் முனையை நக்குவது ஐவியின் வழக்கம்; நாக்கும் உதடும் ஊதாவாகிவிட்டது என்று யூனிஸ் திட்டாத நாள் இல்லை. இத்தனை காரணம் இருக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் ஸ்லைடை உறைக்குள் திணித்த அவசரத்தில் சட்டத்தின் மூலை மடங்கிப்போனது.

அன்று மாலை வீட்டில் யூனிஸே கேட்டாள்.

"அண்ணன் கார்டு போட்டிருக்காரு. போட்டோ உங்க ஸ்டுடியோவுக்கு அனுப்பிச்சாராமே, வந்துதா?"

"வந்துது, வந்துது. சின்னதா ஒரு துண்டு. கையில வச்சுப் பாக்குற மாதிரி இல்ல."

"அப்போ பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஹால்ல மாட்டலாம்."

"கலர்ல நம்மால போட முடியாது. கறுப்பு வெள்ளைதான்."

"போதும்ங்க. ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து நின்னு ஒரு படம்கூட நம்மகிட்ட இல்ல."

உள்ளறையில் ஐவி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சிரில் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய் அவள் எதிரில் மண்டியிட்டான்.

"வாயைக் காட்டு கண்ணு."

"நான் நக்கல டாடி! மம்மிகிட்ட சொல்லாதீங்க."

அவன் துடைத்தான். கைக்குட்டையில் லேசாக ஊதா ஒட்டியது. மனசு துள்ளியது. இன்னும் அழுத்தித் துடைத்தான். அப்புறம் துணியில் எதுவும் ஒட்டவில்லை. உதட்டில் மட்டும் நிறம் இருந்தது. விளக்கு மங்கல், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி துடைத்தான்.

"வலிக்குது டாடி."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஸ்டுடியோ இருட்டறையில் அவன் செய்த வேலை இது. ஸ்லைடை என்லார்ஜரில் வைத்து, அதன் உருவத்தைக் கீழே புதிய ஃபிலிம் மீது விழவைத்தால் ஒரு நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போடலாம். நடுவில் லென்ஸுக்கு அடியில் எந்த நிறக் கண்ணாடியை வைக்கிறோமோ அந்த நிறம் பிரிண்டில் வெளுக்கும். எதிர் நிறம் கறுக்கும். நேராகக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. அதில் விழுந்தது விழுந்ததுதான். மேலே பென்சில் வைத்துத் திருத்தலாம், அவ்வளவே. கலரிலிருந்து மாற்றும்போது எந்த நிறத்தை வைத்துக்கொள்வது, எந்த நிறத்தை அழிப்பது என்பது மாற்றுகிறவன் கையில் இருக்கிறது.

சிரில் நீலக் கண்ணாடியை எடுத்தான். எடுக்கும்போதே எதற்காக எடுக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும்.

பிரிண்ட் டெவலப்பரில் மிதந்து மெல்ல எழும்பியது. காகிதப்பூ கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. டோரீனின் சிவந்த உதடு கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. ஐவியின் உதட்டில் ஒன்றுமே இல்லை. கன்னத்தோடு கன்னமாகச் சாந்தமாக, லேசான ஒரு கோடு. எந்தத் தகப்பனும் ஃப்ரேம் போட்டு மாட்டத் தயங்காத முகம். சிவப்பு விளக்கின் கீழ் நின்று அதைப் பார்க்கப் பார்க்க, நேற்று மதியத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

யூனிஸ் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "பாப்பா மொகம் என்ன தெளிவா இருக்கு பாருங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஏன் அப்படித் தழுதழுத்தது என்று சிரில் யோசிக்கவில்லை. தன் பயத்தை மறைக்கிற அவசரத்தில் இருந்தான்.

படம் ஹாலில் ஏறியது. சிரிலின் பயம் அதோடு போய்விடவில்லை. அதுவரை பார்த்தும் பாராமல் விட்டதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் விழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது ஐவி நடுவில் திடீரென்று குந்தி உட்கார்ந்துகொள்வாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போவாள். சோம்பேறி என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவனும்தான் செய்திருக்கிறான். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது நடுவில் நிறுத்தி மூச்சு இழுத்துக்கொள்வாள். சாப்பிடும்போது நகங்களைப் பார்த்தான். நகத்தின் அடியிலும் அந்த நிறம் இருக்கிறதோ என்று சந்தேகம். ஐவி கையை மடக்கிக்கொண்டு, "என்ன டாடி, சும்மா சும்மா பாக்குறீங்க?" என்றாள்.

டாக்டரிடம் போகலாம். போனால் டாக்டர் ஏதாவது சொல்வார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. குளிர் போகட்டும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று நாட்களைத் தள்ளினான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் அய்யாவு என்பவன் நீலசந்திராவிலிருந்து வந்து ஸ்டுடியோ வாசலில் நின்றான். கட்டட வேலைக்குப் போகிற ஆள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"எங்க வீட்டுல தவறிட்டா சார். சின்னத்தாயின்னு பேரு. அவளை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல. பிள்ளைங்க பெரிசானா அம்மா மொகம் தெரியணும். சொல்ப சீக்கிரம் வந்தீங்கன்னா..."

சிரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவனோடு ஜட்கா வண்டியில் போனான். நெருக்கமான வரிசை வீடுகள். சந்தில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சின்னத்தாயியைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள். இளம் வயசுதான். சிரில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து ஃபோகஸ் பண்ணினான். கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கிய அந்த முகத்தின் உதட்டைப் பார்த்ததும் துணிக்குள்ளேயே அவனுக்கு வியர்த்துவிட்டது. செத்தவர்களின் உதட்டைப் பார்ப்பது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் இன்றைக்கு அது சின்னத்தாயியின் உதடாகத் தெரியவில்லை.

படம் எடுத்து முடித்து வெளியே வந்து, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டான்.

"என்னா ஒடம்புக்கு?"

"மூச்சு வாங்கும் சார். தண்ணிக் கொடம் எடுத்துட்டு வந்தா அப்படியே ஒக்காந்துக்குவா. ஒதடும் போன மழைக்காலத்துலேர்ந்தே கறுத்துதான் கெடந்துச்சு." அய்யாவு தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டான். "பெங்களூர் குளிரு, வெத்தலை பாக்குன்னு நாங்களா ஒண்ணு சொல்லிக்கிட்டோம். அவளும் சரின்னு கேட்டுக்கிட்டா. கூட்டிட்டுப் போயிருக்கலாம் சார். அவ்ளோ தூரத்துலயா இருக்குது ஆஸ்பத்திரி?"

சிரில் கேமராவை ஜட்காவில் ஏற்றினான். திரும்பி வரும் வழியெல்லாம் ஜட்காவின் சக்கரச் சத்தத்தோடு அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஸ்டுடியோவுக்கு வந்து ஸ்லைடை மறுபடி வெளியே எடுத்தான். இதைப் பார்த்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இதை எந்தக் கண்ணாடி வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும், ஃபிலிம் பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யும் சேர்ந்துதான் வரும். ஸ்லைடைக் கேட்டால் ஸ்லைடுதான் பதில் சொல்லும். கேட்க வேண்டியது ஐவியின் முகத்தை. அதற்குக் கலர் ஃபிலிம் தேவையில்லை. அவன் பிழைப்பு நடத்துகிற கறுப்பு வெள்ளையே போதும்.

அவனிடம் ஒரு சிவப்பு ஃபில்டர் இருந்தது. மலை, மேகம், கோபுரம் எடுக்கத்தான் அதைப் பயன்படுத்துவான். முகத்துக்குப் பயன்படுத்துவதில்லை. ஒரு தடவை ஒரு கல்யாணப் பெண்ணை அதைப் போட்டு எடுத்தபோது, பெண்ணுக்கு உதடே இல்லை என்று அவள் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நல்ல ரத்தம் ஓடுகிற உதடு தோலோடு தோலாக வெளுத்துவிடும். நீலம் பாய்ந்த உதடு வெளுக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐவியையும், அதே சர்ச்சுக்குத் தாயோடு வந்திருந்த டோரீனையும் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தான். யூனிஸிடம், நல்ல வெளிச்சமா இருக்கு, இன்னொரு படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். ஸ்டுடியோ மாடியில். டோரீன் படியெல்லாம் தாவி ஏறி மேலே நின்று கத்தினாள். ஐவி பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். சிரில் ஒரு படி கீழே நின்று அவள் முதுகைப் பார்த்தான். கவுனுக்குள் முதுகு ஏறி ஏறி இறங்கியது. தூக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவள் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தான். வெந்நீர் வைத்து இருவர் வாயையும் கழுவித் துடைத்தான். குளிர் என்று சாக்குச் சொல்ல முடியாதபடி கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்தான். இருவரையும் ஒரே பெஞ்சில், ஒரே வெளிச்சத்தில் உட்காரவைத்தான். எல்லாச் சாக்கையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு டாடி சிவப்பு கிளாஸ்?" என்று ஐவி கேட்டாள்.

"சும்மாதான் கண்ணு. அசையாம இரு."

"சிரிக்கவா?"

"வேணாம். வாயை மூடிக்கோ. அப்படியே இரு."

அவன் குரலில் என்ன கேட்டதோ, ஐவி சிரிப்பை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷட்டர் விழுந்தது.

பிள்ளைகளுக்கு வரவேற்பறையில் பழைய ஆல்பங்களைக் கொடுத்துவிட்டு இருட்டறைக்குள் போனான். நெகட்டிவைக் கழுவிக் காயவைக்கும்வரை அதை வெளிச்சத்தில் பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமலே என்லார்ஜரில் வைத்தான். காகிதத்தை டெவலப்பரில் போட்டுத் தட்டை ஆட்டினான்.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு நான்கு கண்கள். டோரீனின் முகம் வெள்ளையாகத் திரண்டு வந்தது. உதடு இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய மடிப்பு, அவ்வளவுதான். அந்தக் கல்யாணப் பெண்ணைப் போலவே. சிரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து முகத்தைப் பார்த்தான். கன்னம் வெளுத்தது. நெற்றி வெளுத்தது. நடுவில் உதடு மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. காகிதத்தை மருந்துக்குள் அழுத்திப் பிடித்தான், நின்றுவிடாதா என்று. நிற்கவில்லை. மேலுதடும் கீழுதடும் தனித்தனியாக, ஓரம் தெரிய, மை பூசினாற்போல எழும்பி நின்றன.

இன்னொரு காகிதத்தில் போட்டான். அதுவும் அதையேதான் காட்டியது.

கதவுக்கு வெளியே பிள்ளைகள் ஆல்பத்தில் யாருடைய மீசையையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதான்.

வீட்டில் யூனிஸ் சமையலறையில் இருந்தாள். பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, சிரில் ஸ்லைடையும் புதுப் பிரிண்டையும் அவள் கையில் கொடுத்தான். லென்ஸையும் கொடுத்தான். அவள் ஜன்னலுக்குப் போய் ஸ்லைடை உயர்த்திப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. யாரும் இறக்கவில்லை.

"இதுதான் அண்ணன் அனுப்பினதா?"

"ஆமா."

"ஹால்ல இருக்கற படத்துல இது இல்லியே."

"நான்தான்... அது தெரியாத மாதிரி போட்டேன். நீ பயந்துடுவேன்னு."

யூனிஸ் திரும்பினாள். அவள் கத்துவாள் என்று சிரில் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நானும் பார்த்தேங்க" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே பார்த்தேன். குளிக்க வைக்கும்போது நகம், உதடு எல்லாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு உங்ககிட்ட சொல்றதுக்கு வாயெடுத்தேன். அப்பதான் நீங்க அந்தப் படத்தைக் கொண்டு வந்து குடுத்தீங்க. பாப்பா மொகம் பளிச்சுன்னு இருந்துது. உங்களுக்குத் தெரியாத மொகமா, படத்துலயே இல்லேன்னா என் கண்ணுதான் சரியில்லேன்னு நெனச்சுக்கிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்."

சிரில் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை விலக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்குக் காலையில போறோம். உங்க தைரியத்துக்காகக் காத்துட்டு இருக்க முடியாது."

கண்டோன்மென்ட் பக்கத்து டாக்டர் ஐவியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு ஐவியை வெளியே உட்காரச் சொன்னார். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. வளர வளர நுரையீரலுக்குப் போகிற ரத்தம் போதவில்லை. பிள்ளை குந்துவது சோம்பலால் இல்லை, அப்படி உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கொஞ்சம் சுகம். இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதற்கு அங்கே ஆபரேஷன் செய்கிறார்கள் என்றார்.

"தாமதமாயிடுச்சா டாக்டர்?" என்று சிரில் கேட்டான்.

"இன்னும் தாமதம் பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலூரில் சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கைக்குப் போகிற ஒரு ரத்தக் குழாயைத் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு தைத்துவிடுவது. முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை நடக்கும், வளரும். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எல்லாப் பிள்ளைங்களும் ஆபரேஷன் டேபிள்லேர்ந்து எழுந்து வர்றதில்ல. அதையும் நான் சொல்லியாகணும்."

சிரில் யூனிஸைப் பார்த்தான். அவள் நேராகச் சர்ஜனைப் பார்த்து, "செய்யுங்க சார்" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலையில் ஐவியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் சிரிலின் விரலை விடவில்லை.

"டாடி, உள்ள இருட்டா இருக்குமா?"

"இல்ல கண்ணு. நல்ல வெளிச்சமா இருக்கும்."

"நீங்க பார்த்தீங்களா?"

அவன் பார்த்ததில்லை. "தெரியாது கண்ணு" என்றான். "ஆனா நான் இந்தக் கதவுகிட்டயேதான் நிப்பேன்." நர்ஸ் மெல்ல அவள் விரல்களைப் பிரித்தாள். கதவு மூடியது.

வெராண்டாவில் இன்னும் சில பேர் காத்திருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஒரு தாய், சித்தூரிலிருந்து ஒரு குடும்பம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஒருமுறை வெளியே வந்த டாக்டர் சித்தூர்க்காரரைத் தனியாக அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. திருவண்ணாமலைத் தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யூனிஸ் கண்ணை மூடியபடி ஜெபித்தாள். சிரிலுக்கு ஜெபம் வரவில்லை. மனசில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது: ஒரு மாதம் விட்டுவிட்டேன், ஒரு மாதம் விட்டுவிட்டேன்.

வெயில் வெராண்டாவைத் தாண்டிப் போன பிறகு சர்ஜனே வந்தார். முகத்திலிருந்து துணியை இறக்கினார். அவர் சொல்வதற்கு முன்னால் சிரில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருங்க மிஸ்டர் சிரில். தையல் பிடிச்சிருக்கு. பிள்ளை மூச்சு விடுறா. ராத்திரி தாண்டட்டும், அப்புறம் சொல்றேன்."

ராத்திரி தாண்டியது. அதற்கு அடுத்ததும் தாண்டியது. நடுவில் காய்ச்சல் ஏறி, இரண்டு பேரையும் ஈரத் துணியும் கையுமாக உட்காரவைத்து, பிறகு இறங்கியது. ஒரு காலையில் ஐவி கண்ணைத் திறந்து, பசிக்குது என்றாள். என்ன வேணும் என்று யூனிஸ் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் கஞ்சி வேணாம், வேற எது குடுத்தாலும் சரி என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் உதடு டோரீனுடையதைப் போல ஆகிவிடவில்லை. ஆனால் அதில் ரத்தம் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பும்போது ஈஸ்டர் முடிந்திருந்தது. ரயிலில் கூட்டம் அதிகமில்லை. ஐவி யூனிஸின் மடியில் தலை வைத்து, மாரைச் சுற்றிக் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பங்காரப்பேட்டையில் தங்கவயல்காரர்கள் சிலர் ஏறி, பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வேலூரில் இருந்தவரைக்கும் யூனிஸ் சிரிலிடம் மருந்து, சாப்பாடு, துணி தவிர வேறெதுவும் பேசவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்து அவன் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இழுத்தால் அவனுக்கும் இழுத்தது.

"எத்தனை நேரம் அப்படியே பார்ப்பீங்க?" என்றாள் யூனிஸ்.

"பயமா இருக்கு யூனிஸ்."

"இன்னுமா?"

"இன்னும்தான். இந்தத் தையல் எத்தனை வருஷம் தாங்கும்னு அவருக்கே தெரியாதாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற கள்ளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான். பயந்ததுக்காக உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. தனியா வச்சுக்கிட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால இன்னும் மறக்க முடியல. இனிமே பயம் வந்தா எழுப்பிச் சொல்லுங்க. எந்நேரமா இருந்தாலும் சரி."

"சொல்றேன்" என்றான் சிரில்.

அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவன் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தூக்கம் கலையாதபடி ஐவியின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். ரயில் மாலூரில் நின்று புறப்பட்டது. இருவரும் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.